மனநோயும் மாதம் 1,500 ரூபாயும்: உதவித்தொகை யாருக்குப் போய்ச் சேர்கிறது?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் மஞ்சள் பையோடு காத்திருந்தார். பைக்குள் மருத்துவமனைச் சீட்டுகள், ஆதார் நகல், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். "ஹஜ்ரத், எம் மவனுக்கு முப்பது சதவீதம்தான்னு எழுதிட்டாங்க. பென்ஷன் கெடைக்காதாம்" என்றார்.

அவருடைய மகனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மதரஸாவில் என்னிடம் ஓதியவர். 21 வயதில் கத்தாருக்கு வேலைக்குப் போனார். ஏழு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றார். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினார். இது நடந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் வைத்த பெயர் மனச்சிதைவு நோய். வாப்பா மவுத்தாகிவிட்டார். தாய் காலையில் இடியாப்பம் விற்கிறார், மாலையில் இரண்டு வீடுகளில் வேலை பார்க்கிறார். அதில்தான் இருவருக்கும் வயிறு நிறைய வேண்டும்.

சதவீதம் எப்படிக் குறைந்தது என்று விசாரித்தேன். மதிப்பீட்டுக்கு அழைத்த நாளில் மகனைக் குளிக்கவைத்து, தாடியை ஒதுக்கி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி அழைத்துப் போயிருக்கிறார். ஒரு மாதமாக மாத்திரையும் தவறவில்லை. மருத்துவர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், இன்று என்ன கிழமை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. "நல்ல சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போனது எந் தப்பா ஹஜ்ரத்?" என்று கேட்டார் அந்தத் தாய். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த உதவித்தொகை விவகாரத்தை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தில் இடம் இருக்கிறது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநோயால் முடங்கியவருக்கு அரசு உதவி கேட்பது சலுகை கேட்பதல்ல. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்திலேயே மனநோய் ஓர் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மனநோய் அதில் தனியாக நிற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்றால் திட்டங்களின் கதவு திறக்கும். கை, கால், கண், காது இவற்றுக்கு மட்டும்தான் பென்ஷன் என்று நம்மில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாயும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார். நானும்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று முன்பு சொல்லப்பட்ட, இன்று அறிவுசார் குறைபாடு என்று அழைக்கப்படுவது வேறு, மனநோய் வேறு. முன்னது குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடுவது. பின்னது நன்றாகப் படித்து, வேலை பார்த்து, நிக்காஹ்வும் முடிந்த ஒருவரைக்கூட நடுவயதில் பிடிக்கலாம். இரண்டுக்கும் திட்டம் வேறு, தொகையும் வேறு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட இன்னும் சில பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை தரப்படுகிறது. 2023 தொடக்கத்தில் அது 1,500இலிருந்து 2,000 ரூபாயானது. மனநோய்ச் சான்றோடு வருகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது வருவாய்த்துறை வழியான மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்துக்கு. அது 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. 'மனம்' என்ற சொல்லைக் கேட்டதுமே எந்தப் படிவம் என்று தெரியாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்படும் குடும்பங்கள் ஏராளம்.

கண்ணுக்குத் தெரியாத நோயை அளப்பது எப்படி?

கால் இல்லாதவருக்கு அளவு எடுப்பதில் சிக்கல் குறைவு. மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் பணியில் உருவானது அது. நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்வது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு. ஆக மொத்தம் 20. இதில் 7 வந்தால்தான் 40 சதவீதம். 14ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல்.

அளவுகோலில் எனக்குக் குறை தெரியவில்லை. உண்மையில் அது நியாயமானது. நோயின் பெயரைக் கேட்காமல், வாழ்க்கை எந்த அளவு முடங்கியிருக்கிறது என்று கேட்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக நோயுள்ளவருக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே 4 மதிப்பெண் கிடைக்கும். மீதி மூன்றுதான் தேவை. 11 ஆண்டு நோயாளி, ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவர், தாய் சொல்லாவிட்டால் குளிக்காதவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி ஆண்டுக்கணக்கானவர். இவருக்கு ஏழு வரவில்லை என்றால் கோளாறு கேட்ட விதத்தில்தான்.

அளவுகோல் நோயாளியை மட்டும் பார்த்துப் போடுவதற்கானதல்ல. கூடவே இருப்பவரிடம் விரிவாகக் கேட்டுப் போட வேண்டியது. நெரிசலான அரசு மருத்துவமனையில், நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, அந்த விரிவான பேச்சு நடப்பதில்லை. கேள்வி நோயாளியிடம் போகிறது, நோயாளி அன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறார், கதை முடிந்தது. மனநோயின் இயல்பே ஏற்ற இறக்கம். ஒரு வாரம் தெளிவாக இருப்பவர் அடுத்த வாரம் கதவைத் தாழிட்டுக்கொள்வார். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டதாலேயே அன்று நன்றாகப் பேசினார். அதற்கான தண்டனையாகச் சதவீதம் குறைந்தது.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது: அரசு அதிகாரி முன்னால் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவது. "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கான்" என்றுதான் நம் தாய்மார்கள் சொல்வார்கள். அது இறைவனுக்குச் செலுத்தும் நன்றி. கேட்பவரோ அதை மருத்துவத் தகவலாகக் குறித்துக்கொள்கிறார். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது பொய். அதை யாருக்கும் நான் சொல்லித்தர மாட்டேன். ஆனால் கெட்ட நாட்களைச் சொல்லாமல் நல்ல நாளை மட்டும் காட்டுவதும் முழு உண்மை அல்ல. கடந்த மாதத்தில் எத்தனை நாள் தூங்கவில்லை, யார் குளிக்கவைத்தது, கடைசியாக எப்போது ஒரு ரூபாய் சம்பாதித்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அவசரத்தில் இருக்கும் மருத்துவருக்கும் அது உதவி.

சான்று கிடைத்தாலும் பல நேரங்களில் அது தற்காலிகச் சான்றுதான். கெடு முடிந்தால் மறுபடி வரிசை. சான்று வழங்க அதிகாரிகளுக்கு இருந்த ஒரு மாதக் கெடுவை 2024ஆம் ஆண்டு விதித் திருத்தம் மூன்று மாதமாக நீட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்ற அடுத்த பயணம். வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் ஒருவருக்காக இதை வகுத்தவர்கள், அவரை எங்காவது பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அந்தத் தாயிடம் இதை யாரும் சொல்லவில்லை.

1,500 எங்கிருந்து வந்தது?

தொகையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. 1,200இல் 25 சதவீதம் 300. கூட்டிப் பாருங்கள், 1,500. சட்டம் கேட்ட கீழ்வரம்பை மாநில அரசு பைசா பிசகாமல் தொட்டிருக்கிறது. கீழ்வரம்பு என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்குத்தானே தவிர, அதிலேயே நின்றுவிட வேண்டும் என்பதற்கல்ல.

ஒன்றிய அரசின் கணக்கு இதைவிட மோசம். 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200இலிருந்து 300 ஆனது. அதற்குப் பிறகு நகரவே இல்லை. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவீதக் குறைபாடு உள்ளவருக்கு மட்டும். ஐடியாஸ் அளவுகோலில் 80 சதவீதம் வர வேண்டுமென்றால் ஏறக்குறைய எல்லாத் திறனையும் இழந்திருக்க வேண்டும். முதியோர், விதவை, ஊனமுற்றோர் எல்லோரையும் சேர்த்த தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் ஆண்டுக்குச் சுமார் 9,600 கோடி ரூபாய்தான் ஒதுக்கப்படுகிறது. சில ஆண்டுகளாக அந்த எண் அசையவில்லை. விலைவாசி மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது.

பக்கத்து மாநிலங்களைப் பார்ப்போம். தெலங்கானாவில் 2023இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 4,016 ரூபாயாக உயர்ந்தது. ஆந்திராவில் 2024 ஜூலையில் 3,000 என்பது 6,000 ஆனது. முற்றிலும் முடங்கியவர்களுக்கு 15,000. தமிழகத்து மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஆந்திராவைக் காட்டிப் போராடுவதில் நியாயம் இருக்கிறது. சமூக நலத்தில் முன்னோடி என்று பெருமை பேசும் மாநிலம், இந்த ஒரு வரிசையில் அண்டை வீட்டுக்காரர்களுக்குப் பின்னால் நிற்கிறது. மதிய உணவையும் பொது விநியோகத்தையும் நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். அதனால்தான் இது உறுத்துகிறது.

1,500 ரூபாய் மனநோயாளியின் வீட்டில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகக் கண்டது. பத்து ஆண்டுக்கு முந்தைய விலையில்! அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் இரண்டு பேருக்கு பஸ் கட்டணம், வழியில் சாப்பாடு, அன்றைக்குத் தாய் இழந்த கூலி, இருப்பில் இல்லாத மாத்திரையை வெளியில் வாங்கும் செலவு. ஆக 1,500 என்பது வாழ்க்கைக்கான வருமானம் அல்ல. நோயாளியாக இருப்பதற்கான செலவைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே. அரிசிக்கும் வாடகைக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். வறுமையும் மனநோயும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவது இங்கேதான். காசில்லாத மாதம் மருத்துவமனைக்குப் போக முடியாது. மருந்து நின்றால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் பார்த்துக்கொள்பவரும் வேலைக்குப் போக முடியாது.

"கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவிலிருந்து ஒரு செய்தி. அங்கே 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. அது படிப்படியாகப் பரவிய பகுதிகளை மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் தற்கொலை விகிதம் 18 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். மனநலத்துக்காகக் கொண்டுவரப்பட்ட திட்டமே அல்ல அது. தற்கொலை ஹராம் என்று மிம்பரில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பேசியது சரிதான். ஆனால் மாதாமாதம் கைக்கு வரும் கொஞ்சம் பணமும் சில உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதை அதே மிம்பரில் நான் சொன்னதில்லை.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்காக எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, நாடே சிறிது காலம் பேசியது.

தர்காக்கள் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாட்டை இங்கே கிளப்ப நான் வரவில்லை. ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களும் அல்லர். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை, ஆள் இருந்தால் அடுப்பு எரியாது. 'அங்கே கொண்டுபோய் விட்டால் சரியாகும்' என்ற நம்பிக்கையோடு 'இங்கே வைத்துக் காப்பாற்ற முடியாது' என்ற இயலாமையும் சேர்ந்துதான் அந்தச் சங்கிலி. அந்தக் காலத்தில் ஒரு நோயாளியின் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகையும், பக்கத்து ஊரிலேயே மருந்தும் கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

மருந்து விஷயத்தில் அதற்குப் பிறகு நல்லது நடந்திருக்கிறது. 1997இல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஏர்வாடியிலேயே, பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அந்த இடத்திலேயே சிகிச்சை தரும் 'தவா-துஆ' ஏற்பாடு வந்தது. மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அரசாங்கமே நமக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. மருந்துக்கு வழி பிறந்த அளவுக்குச் சோற்றுக்கு வழி பிறக்கவில்லை.

இங்கே என் பங்கையும் சொல்ல வேண்டும். 11 ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பையனை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். ஓதி ஊதினேன், தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அதில் தவறில்லை. 'நாளைக்கே மருத்துவமனைக்கும் கூட்டிப் போங்கள்' என்று சேர்த்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் ஒன்றரை ஆண்டு போய்விட்டது.

வீட்டுக்குள்ளே நிற்கும் தடை

அலுவலகத் தடைகளைப் பேசியாகிவிட்டது. நம் வீடுகளுக்குள் இருக்கும் தடை அதைவிடக் கெட்டியானது. மகனுக்கு மனநோய்ச் சான்று வாங்கினால் மகளுக்கு மாப்பிள்ளை வராது என்ற பயம். இதற்காகவே ஐந்தாறு ஆண்டுகள் விண்ணப்பிக்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மருமகளுக்கு நோய் வந்தால் தாய் வீட்டில் விட்டுவிட்டு வேறு பெண் பார்ப்பதும் நடக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் கணவன் வீட்டுக் குடும்ப அட்டையில் இருக்கும், உடல் மட்டும் தாய் வீட்டில் இருக்கும். இரண்டு முகவரிக்கும் நடுவில் அவளுடைய விண்ணப்பம் தொங்கும். பெண் பார்க்கும் விஷயத்தில் குடும்பத்து நோயைக் கிண்டி எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சர்க்கரை நோய்க்கு இப்படிக் கேட்டதுண்டா?

பணம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு கவனம் தேவை. வங்கிக் கணக்கு நோயாளியின் பெயரில் இருக்கும். ஏடிஎம் அட்டை அண்ணன் கையில் இருக்கும். அந்தப் பணம் யாருக்குச் செலவாகிறது? அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தை மதரஸாவில் நாங்கள் சொத்துரிமைப் பாடமாகப் படித்தோம். பொருளை நிர்வகிக்கும் பக்குவம் இல்லாதவரிடம் சொத்தை ஒப்படைக்க வேண்டாம் என்பதோடு அது நிற்கவில்லை. அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுக்கச் சொல்கிறது, அவரிடம் நல்ல முறையில் பேசவும் சொல்கிறது. பொறுப்பாளராக இருப்பவருக்கு மூன்றும் கடமை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் நியமனம் வாங்கலாம் என்று சிலர் தவறாக அலைகிறார்கள். அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும், மனநோய்க்குப் பொருந்தாது. இதற்கு 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவில் சொல்லப்பட்ட வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறைதான் வழி.

ஸகாத் போதாதா என்று கேட்கலாம்

போதாது. ரமளானில் ஒரு முறை 1,000 ரூபாயும் ஒரு சேலையும் கொடுப்பது ரமளானைக் கடக்க உதவும். மனநோய் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. இதற்குத் தேவை மாதாமாதம், கேட்காமலேயே, தவறாமல் வரும் தொகை. அதைப் பெரிய அளவில் அரசால்தான் தர முடியும்.

கல்லூரியில் வரலாறு படித்தபோது என்னை நிறுத்திய ஒரு சம்பவம் இமாம் அபூ யூசுஃபின் கிதாபுல் கராஜில் பதிவாகியிருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) வழியில் பிச்சை கேட்ட பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைப் பார்க்கிறார். வீட்டுக்கு அழைத்துப்போய் இருப்பதைக் கொடுக்கிறார். பெரும்பாலான பயான்களில் கதையை இங்கேயே முடித்துவிடுவோம். அடுத்து நடந்ததுதான் முக்கியம். பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனிக்கும்படி உத்தரவிட்டார். கையிலிருந்து கொடுத்தது தர்மம். 'இவரைப் போன்றவர்கள்' என்று சேர்த்தபோது அது அரசின் கொள்கையாகிவிட்டது. இல்லாதவரைத் தேடிப் போனவர் ஆட்சியாளர். சான்றைத் தேடி அலைந்தவர் அந்த முதியவர் அல்ல.

ஆகவே கோரிக்கை அரசிடம்தான். ஒன்றியத்தின் 300 ரூபாய் உயர வேண்டும், 80 சதவீத நிபந்தனை மனநோய்க்குத் தளர வேண்டும், மாநிலத் தொகை அண்டை மாநிலங்களை எட்ட வேண்டும். நாட்பட்ட மனச்சிதைவுக்கு மீண்டும் மீண்டும் தற்காலிகச் சான்று கொடுப்பது நிற்க வேண்டும். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு ஜமாஅத் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் கப்ருஸ்தான் சுவரையும் சாலையையும் கேட்கிறோமே, இதையும் கேட்கலாம்.

அதுவரை மஹல்லா சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தின் ஸகாத் நிதியிலிருந்து பயணச் செலவும் கூலி இழப்பும் கொடுத்து, படித்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு அலைச்சல் ஒரு மாதமாகக் குறையும். பெரிய செலவில்லை. ஆம்புலன்ஸ் வாங்கும் ஜமாஅத்களால் இது முடியும். எங்கள் நிர்வாகத்திடம் பேசினேன். "முதல்ல எத்தனை பேர்னு கணக்கெடுங்க ஹஜ்ரத்" என்றார்கள். கணக்கெடுத்தேன். வெளியில் சொன்னவர்கள் மூன்று குடும்பம். மெல்ல விசாரித்ததில் ஒன்பது.

அந்தத் தாயின் மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். 11 ஆண்டுகளின் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினோம். மறுமதிப்பீட்டுக்கு வரும் புதன்கிழமை அழைத்திருக்கிறார்கள். நானும் உடன் போகிறேன். எந்தச் சட்டையைப் போட்டுவிடட்டும் என்று கேட்டார். நீங்கள் போட்டுவிட வேண்டாம், குளிக்கச் சொல்லவும் வேண்டாம், அவனாக என்ன செய்கிறானோ அப்படியே வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.